தெற்கு விறாந்தையில் நான்கு சாடிகள்

ஐப்பசி மழை தொடங்கி, கார்த்திகையில் வாடைக்காற்றும் நிலைகொண்டுவிட்டால், மன்னார்த் தீவின் வடகரையில் வாழ்வோரின் அன்றாட வாழ்க்கை முழுவதும் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்கிறது. பேசாலைக் கடல் கொந்தளிக்க, மீனவர்களிற் சிலர் வள்ளங்களையும் வலைகளையும் எடுத்துக்கொண்டு தென்கரையில் வாடி அமைக்கச் செல்கிறார்கள். வடக்குப் பார்த்த யன்னல்கள் சாத்தப்படுகின்றன. வங்காலைச் சதுப்பு நிலத்திலே தூரதேசத்துப் பறவைகள் வந்து இறங்குகின்றன. கோடை முழுவதும் முற்றத்தில் நின்ற பூச்சாடிகளும், செடி வளர்க்கவென்று அடியில் துளையிட்ட பால்மாப் பேணிகளும், ஒவ்வொன்றாக வீட்டுக்குள்ளே குடியேறுகின்றன.

எங்கள் அயல்வீட்டு ஆச்சி ஆண்டுதோறும் இவ்வாறு செடிகளை உள்ளே எடுத்து வைப்பவர். பேரப்பிள்ளைகளின் இருமலுக்குக் கற்பூரவள்ளி, பூசைக்கும் குடிநீருக்கும் துளசி, சம்பலுக்குப் புதினா, இரசத்திலே கிள்ளிப் போடுவதற்கு மல்லியிலை என்று நான்கையும் அவர் பிள்ளைகளைப்போலப் பேணுகிறார். இந்த மார்கழியில் ஒருநாள் அவர் என்னை அழைத்து, அறை மூலையில் மேசைமீதிருந்த கொத்தமல்லிச் சாடியைக் காட்டினார். தண்டுகள் நூல்போல் மெலிந்து, ஒரு சாணுக்கு மேல் நீண்டு, இலைகள் வெளிறி, தொலைவிலிருந்து வரும் குரலொன்றுக்குச் செவிசாய்ப்பனபோல யாவும் யன்னற் பக்கமாகச் சாய்ந்து நின்றன. "தம்பி, நான் ஒரு குறையும் வைக்கேல்லை. ஆட்டெருப் போட்டன், காலையும் பின்னேரமும் தண்ணி ஊத்திறன். சாப்பாடு காணாத பிள்ளை இப்பிடி உயருமே? உயர்ந்தும் வாசம் இல்லையே" என்றார்.

ஆச்சியின் வினாவை எளிதாகத் தள்ளிவிட முடியாது. உணவு குறைந்த பிராணி எதுவும் விரைந்து வளர்வதில்லை. இந்தச் செடியோ பசியோடு இருப்பதுபோலவும் தோன்றுகிறது, முற்றத்துச் செடியை விட உயரமாகவும் வளர்ந்திருக்கிறது. ஆங்கிலப் புத்தாண்டுக்கு அப்போது சில நாட்களே இருந்தன. வரும் ஆண்டின் சங்கற்பங்களைப் புதிய கொப்பி ஒன்றில் எழுதிவைப்பது என் நெடுநாளைய வழக்கம். இம்முறை முதற்பக்கத்தில் ஆச்சியின் வினாவை எழுதி, அதன் கீழே, சித்திரைப் புத்தாண்டு வரையிலும் நான்கு சாடிகளைக் கூர்ந்து கவனித்து அதற்கு விடை காண்பது என்று ஒரே ஒரு சங்கற்பத்தை மட்டும் குறித்துக்கொண்டேன். அந்த விடையின் சாஸ்திரப் பகுதியையே இங்கு விளக்க முற்படுகிறேன்.

மாரி என்றதும் பனி உறையும் தேசங்களின் குளிர்காலத்தை நாம் எண்ணிவிடக் கூடாது. இலண்டனிலோ ரொறன்ரோவிலோ வாழும் நம்மவர், இலையுதிர்காலம் வந்ததும் கறிவேப்பிலைச் சாடியை வீட்டுக்குள் எடுத்து வைக்கிறார்களென்றால், அங்கே பகை குளிர். உறைபனி இலையின் நுண்ணிய கலங்களைச் சிதைத்துவிடும். பூமத்திய ரேகைக்கு வடக்கே 9 பாகையில் இருக்கும் மன்னாரிலோ மார்கழியிலும் சராசரி வெப்பநிலை 26 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கிறது. கொத்தமல்லிக்கு இதைவிட இதமான பருவம் இத்தீவில் வேறில்லை. இங்கே செடிகளை உள்ளே ஓட்டுபவை மூன்று: ஆண்டு மழையின் பெரும்பகுதியை மூன்றே மாதங்களுக்குள் கொட்டித் தீர்த்துச் சாடியின் எருவைக் கரைத்துச் செல்லும் வானம், வீதியெங்கும் உலாவிப் பச்சையைக் கண்ட இடத்தில் வாய்வைக்கும் கழுதைகள், எல்லாவற்றுக்கும் மேலாக உப்பு.

உப்பின் வேலையை மன்னார் வாசிகளுக்கு விளக்குவது சுலபம், ஏனெனில் கருவாடு போடுவதை நாம் பிரத்தியட்சமாகக் கண்டிருக்கிறோம். பிளந்த மீனின்மேல் உப்பைத் தூவினால், சிறிது நேரத்தில் மீனிலிருந்து நீர் வடியத் தொடங்குகிறது. உப்புச் செறிந்த பக்கத்தை நோக்கி நீர் மெல்லிய சவ்வுகளின் ஊடாகச் செல்லும் இந்த இயல்பைப் பிரசாரணம் என்று நம் பாடநூல்கள் வழங்குகின்றன. அலை உடையும்போது நுரையின் குமிழிகள் வெடித்துத் தெறிக்கும் நுண்துளிகளை வாடைக்காற்று சுமந்து வருகிறது. இலைமேற் படிந்த துளி உலர, எஞ்சும் உப்பு அந்த இலையை உயிரோடு கருவாடாக்கத் தொடங்குகிறது. முதலில் ஓரங்கள் கருகுகின்றன, பிறகு இலை முழுவதும். ஆகவே செடியை உள்ளே கொண்டு வந்த ஆச்சியின் செய்கை நியாயமானதே. ஆனால் காற்றையும் மழையையும் அடைத்த அதே சுவர், செடிக்கு வேண்டிய இன்னொன்றையும் அடைத்துவிட்டது.

அது வெளிச்சம். "அறையிலை வெளிச்சம் இல்லையோ? நான் ஊசி கோக்கிறன்" என்று ஆச்சி என்னிடம் கேட்டார். அவர் சொன்னது உண்மை, ஏமாற்றுவது கண். மதிய வெயிலில் நின்றுவிட்டு ஓலைவீட்டுக்குள் நுழைந்தால் ஒரு கணம் எதுவும் தெரிவதில்லை; சில நிமிடங்களில் எல்லாம் தெளிவாகிவிடுகிறது. அந்தச் சில நிமிடங்களில் அறையின் ஒளி சிறிதும் கூடவில்லை, கண்ணே தன்னை மாற்றிக்கொண்டது. கண்மணி ஏறக்குறைய 2 மில்லிமீற்றரிலிருந்து 8 மில்லிமீற்றர் வரை விரியக்கூடியது. அதனால் உள்ளே புகும் ஒளி 16 மடங்கு வரை கூடும். எஞ்சிய சரிக்கட்டலையெல்லாம் விழித்திரை தன் இரசாயன மாற்றங்களால் செய்துகொள்கிறது. இவ்வளவு தாராளமாக விட்டுக்கொடுக்கும் ஓர் உறுப்பினால் ஒளியை அளக்க முயல்வது, இழுத்தால் நீளும் இரப்பர் நாடாவால் நிலம் அளப்பதை ஒத்தது.

விட்டுக்கொடாத கருவி ஒன்றால் அளந்தால் நிலைமை விளங்கிவிடும். ஒளி விழும் செறிவை லக்ஸ் என்னும் அலகினால் குறிப்பது வழக்கம். வெட்டவெளியில் நண்பகல் வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ்; மேகம் மூடிய மாரிப் பகலில் அது 10,000 அளவுக்கு, சிலவேளை அதற்கும் கீழே இறங்குகிறது; யன்னலிலிருந்து இரண்டு மூன்று மீற்றர் உள்ளே, அறை மூலையிலோ, சில நூறு லக்ஸ்தான் எஞ்சுகிறது. கருவி இல்லாதவர்கள் வேறொரு வழியாலும் இதை உணரலாம். சாடி இருக்கும் இடத்தில் தலையை வைத்து, செடியின் நிலையிலிருந்து யன்னலைப் பாருங்கள். கண்ணுக்கு எவ்வளவு வானம் தெரிகிறதோ அவ்வளவே செடியின் வருமானம். முற்றத்துச் செடிக்கு முழு வானக் கூரையும் சொந்தம். மூலைச் சாடிக்கோ, அயல்வீட்டு ஓட்டுக்கும் யன்னற் சட்டத்துக்கும் நடுவே ஒரு கையகல வானம்தான்.

வருமானம் என்று சொன்னதை விரித்துச் சொல்ல வேண்டும். 1779 இல் ஜான் இங்கன்ஹவுஸ் என்னும் வைத்தியர், பச்சை இலைகளை நீருக்குள் அமிழ்த்தி வெயிலில் வைத்தபோது இலைமேல் குமிழிகள் திரண்டெழுவதையும், இருளில் வைத்தபோது அவை நின்றுவிடுவதையும் கண்டார். வெயிலில் சேர்த்த வாயுவிலே மெழுகுதிரி பிரகாசித்து எரிந்தது. இருளில் இலைகள் நாம் மூச்சுவிடுவதைப்போலவே காற்றை அசுத்தப்படுத்தின. இந்த இரண்டு அவதானங்களிலும் தாவர சாஸ்திரத்தின் பாதி அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஒளி படும்போது இலை காற்றிலிருந்து கரியை எடுத்து வெல்லமாக்குகிறது; இது வரவு, இதன் பெயர் ஒளித்தொகுப்பு. இரவும் பகலும் ஓயாமல் அந்த வெல்லத்தின் ஒரு பகுதியை எரித்து உயிர் தரிக்கிறது. இது செலவு, இதன் பெயர் சுவாசம். ஒளி குறையக் குறைய வரவு குறைகிறது, செலவு குறைவதில்லை. வரவும் செலவும் சமமாகிவிடும் ஒளிநிலையை ஈடுசெய்புள்ளி என்கிறார்கள். அதற்குக் கீழே வைக்கப்பட்ட செடி, முதலைத் தின்று நடத்தும் கடையைப்போன்றது. கதவு திறந்திருக்கும், விளக்கும் எரியும், தட்டுகள் மட்டும் நாளுக்கு நாள் காலியாகிக்கொண்டிருக்கும்.

அப்படியானால் உயரம் எங்கிருந்து வந்தது? கரையில் நெடுநாள் கவிழ்த்து வைத்த வள்ளத்தைப் புரட்டும்போது, அதன் கீழே முளைத்த புல்லைப் பார்த்திருப்பீர்கள். வெளியிலுள்ள புல் குட்டையாகவும் பச்சையாகவும் தடித்தும் இருக்க, இது மஞ்சளாக, மெலிந்து, மும்மடங்கு நீண்டு கிடக்கும். சாவதற்கு முன் செய்யும் வீண்பிரயாசை போல அது தோன்றினாலும், உண்மையில் அது செடி வகுத்த திட்டம். மண்ணுக்குள் புதைந்த ஒரு வித்து முளைக்கும்போது, அதனிடம் தாய்ச்செடி கட்டிக்கொடுத்த சோற்றுப்பொதி ஒன்று மாத்திரமே உண்டு. இருளில் இலை விரிப்பதும் பச்சையம் செய்வதும் தண்டைப் பருக்கச் செய்வதும் வீண்செலவு; பொதி தீருமுன் வெளிச்சத்தை எட்டிவிடுவதே உயிர்வாழ ஒரே உபாயம். ஆகவே செடி மற்றெல்லாச் செலவுகளையும் நிறுத்தி, இருப்பதனைத்தையும் நீளத்திலே முதலிடுகிறது. அந்த நீளத்திற் பெரும்பங்கு புதிய சடப்பொருளால் ஆனதன்று. கலங்கள் நீரை உறிஞ்சித் தம்மை நீட்டிக்கொள்வதால் ஆனது. எனவேதான் அத்தகைய தண்டு விரல் பட்டாலே ஒடிந்துவிடுகிறது. இந்த நிலையை வெளிறல் என்று அழைக்கலாம். ஆச்சியின் கொத்தமல்லி உயர்ந்தது ஊட்டத்தால் அல்ல. தான் இன்னும் மண்ணுக்குள்ளோ வேறொரு செடியின் நிழலிலோ இருப்பதாகக் கருதி, அங்கிருந்து தப்பிச் செல்ல முயன்றதால்.

செடி "கருதுகிறது" என்று எழுதுவது உபசார வழக்கே ஆயினும், அந்தக் கருத்தைத் தாங்கும் பொருள் ஒன்று மெய்யாகவே அதனுள் இருக்கிறது. 1952 இல் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்திலே ஹாரி போர்த்விக், ஸ்டெர்லிங் ஹென்ட்ரிக்ஸ் முதலியோர் சலாதுக்கீரை விதைகளை வைத்து எளிமையும் அழகும் வாய்ந்த ஒரு பரிசோதனையைச் செய்தார்கள். ஈரமாக்கிய விதைகளின்மேல் செவ்வொளியைச் சில நிமிடங்கள் பாய்ச்சினால் அவை முளைத்தன. பிறகு, செந்நிறத்தின் எல்லைக்கு அப்பால் கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் ஒளியை, அதாவது அப்பாற்செவ்வொளியை, பாய்ச்சினால் முளைப்பது நின்றது. மீண்டும் செவ்வொளி, மீண்டும் முளைத்தன. எத்தனை முறை மாற்றி மாற்றிக் கொடுத்தாலும், கடைசியில் விழுந்தது எந்த ஒளியோ அதுவே முடிவைத் தீர்மானித்தது. மின்விளக்கின் ஆளியைப்போல இருநிலையுள்ள ஒரு பொருள் விதைக்குள் இருந்தாலன்றி இது சாத்தியமில்லை என்று அவர்கள் ஊகித்தார்கள். சில ஆண்டுகளில் அந்தப் பொருள் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, பைட்டோகுரோம், அதாவது தாவரநிறமி, என்று பெயரும் பெற்றது. வெயிலிலே செவ்வொளி மிகுதி. பச்சை இலையின் கீழே செவ்வொளி உறிஞ்சப்பட்டு அப்பாற்செவ்வொளியே எஞ்சுகிறது. அறை இருட்டிலோ இரண்டும் குன்றி, அவற்றோடு நீல ஒளியும் குன்றிவிடுகிறது. ஆளி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தே தண்டு நீள்வதா நிற்பதா என்று செடி முடிவுசெய்கிறது.

இனிச் சாய்வைப் பற்றி. இதை ஆராய்ந்தவர்களிலே எனக்கு மிகவும் உவப்பானவர், எழுபது வயதைக் கடந்த பிறகும் புல்முளைகளின் முன்னே பொறுமையோடு உட்கார்ந்திருந்த சார்ல்ஸ் டார்வின். தம் மகன் பிரான்சிஸின் துணையோடு 1880 இல் அவர் வெளியிட்ட செடிகளின் அசைவு பற்றிய நூலில் இந்தப் பரிசோதனைகள் விவரிக்கப்பட்டுள்ளன. புல்முளை ஒளியை நோக்கி வளையும்போது, வளைவு நிகழ்வது நுனிக்குக் கீழே. ஆனால் நுனிக்கு மட்டும் சிறிய தகட்டுத் தொப்பி ஒன்றை அணிவித்தால், முழுத் தண்டும் ஒளியில் நனைந்தாலும் முளை வளையாமல் நேரே நின்றது. மறுபுறம், முளைகளை மிக நுண்ணிய கரிய மணலிலே புதைத்து, நுனி மாத்திரம் வெளியே தெரியும்படி விட்டபோது, ஒளியே படாத கீழ்ப்பகுதி மணலுக்குள் வளைந்தது. கண் ஓரிடம், கழுத்து ஓரிடம்; நுனி கண்ட செய்தி கீழே பயணம் செய்கிறது. எங்கள் தீவிலே மணலுக்குப் பஞ்சமில்லை; சோளமுளைகளை வைத்து எவரும் இதைச் செய்து பார்க்கலாம்.

கீழே சென்ற செய்தி யாது என்பதை 1926 இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்திலே பிரிட்ஸ் வென்ட் என்னும் இளைஞர் கண்டறிந்தார். ஓட்ஸ் முளைகளின் நுனிகளை வெட்டி, கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் என்ற கூழ்க்கட்டிமேல் சில மணிநேரம் நிறுத்தினார். பிறகு நுனிகளை எறிந்துவிட்டு, அந்தக் கட்டியின் சிறு துண்டை, தலையிழந்த வேறொரு முளையின் ஒரு பக்கத்தில் மட்டும் பொருத்தி இருளில் வைத்தார். ஒளியே இல்லாமல் முளை வளைந்தது; கட்டி வைத்த பக்கம் அதிகம் வளர்ந்து, எதிர்ப்பக்கமாகச் சாய்ந்தது. ஆகவே நுனியிலிருந்து கட்டிக்குள் இறங்கியது ஏதோ ஒரு பொருளே. வளர்ச்சியைத் தூண்டும் அந்தப் பொருளுக்குப் பிற்காலத்தில் ஓட்சின் என்று பெயரிட்டார்கள். யன்னலோரத்துச் செடியில் ஒளிபடாத பக்கத்திலே ஓட்சின் மிகுதியாகச் சேர்கிறது. அந்தப் பக்கம் விரைந்து நீள்கிறது. இரட்டை மாட்டு வண்டியில் இடப்பக்கத்து மாடு விரைந்து நடந்தால் வண்டி வலப்பக்கம் திரும்புவதுபோல, நிழற்பக்கம் விரைய, செடி ஒளிப்பக்கம் திரும்புகிறது. இதற்கு ஒளித்திருப்பம் என்று பெயர். நுனியில் நீல ஒளியைக் கண்டு இதைத் தொடக்கிவைக்கும் புரதத்தை வின்ஸ்லோ பிரிக்ஸ் என்பவரின் குழுவினர் அடையாளம் காண, 1990-களின் பிற்பகுதி வரை காத்திருக்க நேர்ந்தது. டார்வினின் தகட்டுத் தொப்பியிலிருந்து ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வழி.

காலையும் மாலையும் ஆச்சி ஊற்றிய நீரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும், ஏனெனில் மாரியில் உள்ளே வைத்த செடிகள் பலவற்றைக் கொல்வது இந்த அன்புதான். 1727 இல் தம் நூலை வெளியிட்ட ஸ்டீவன் ஹேல்ஸ் என்ற இங்கிலாந்துப் பாதிரியார், சாடியில் வளர்ந்த சூரியகாந்தியைக் காலையும் மாலையும் தராசிலிட்டு நிறுத்து, அது பகலில் மிகுதியாகவும் இரவில் மிகச் சிறிதளவாகவும் நீரை இழக்கக் கண்டார். இலைகளின் வழியாக நீர் இவ்வாறு வெளியேறுவதை ஆவியுயிர்ப்பு என்கிறோம். வெயில் இல்லாத மூலையில், ஈரக்காற்றின் நடுவே, செடி குடிப்பது சொற்பம். மிஞ்சிய நீர் மண்ணின் துளைகளை நிறைத்து, வேர் மூச்சுவிட வேண்டிய காற்றை விரட்டிவிடுகிறது. வேர் அழுகிய செடியும் வாடும், அதைக் கண்டு இன்னும் நீர் ஊற்றத் தோன்றும். இதற்குத் தராசு வேண்டியதில்லை. சாடியைக் கையால் தூக்கிப் பார்த்து, கனமாக இருக்கும்வரை ஊற்றாதிருந்தாற் போதும்.

வாசம் ஏன் குன்றியது என்பதற்கு இப்போது பாதி விடை கிடைத்துவிட்டது. கற்பூரவள்ளி இலையை வெயிலுக்கு எதிரே பிடித்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால், மெல்லிய மயிர்களுக்கு இடையிலே மணிகள் போன்ற நுண்சுரப்பிகள் தெரியும். விரலால் கசக்கும்போது உடைவது அவையே. அவற்றிலுள்ள எண்ணெயில் கார்வக்குரோல், தைமோல் போன்ற பொருள்கள் இருக்கின்றன. ஓம நீரில் நாம் நுகர்வதும் தைமோலின் வாசனையே. கற்பூரவள்ளியை ஓமவல்லி என்று வழங்குவோர் அறியாமலே இரசாயனம் பேசுகிறார்கள். பூச்சிகளையும் பூஞ்சணத்தையும் தடுப்பதற்காகச் செடி செய்துகொள்ளும் இந்த எண்ணெய், கரி மிகுந்த, விலை உயர்ந்த சரக்கு. வரவு தாராளமாக இருக்கும் வெயிற்காலத்திலே செடி அதை மிகுதியாகச் செய்து சேமிக்கிறது. முதலைத் தின்று வாழும் காலத்தில் முதலில் நிறுத்தும் செலவும் அதுவே. தவிர, வெளிறிய இலையில் உள்ளதெல்லாம் பெரும்பாலும் நீர்.

ஆகையால் வினா, செடியை உள்ளே வைப்பதா வெளியே வைப்பதா என்பதிலிருந்து, வாடைக்காற்றும் மழையும் எட்டாது வெயில் மட்டும் எட்டும் இடம் எது என்பதாக மாறிவிடுகிறது. அப்படியொரு இடம் எங்கள் பழைய வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. டிசம்பர் 21 ஐ ஒட்டிய நாட்களில் சூரியன் தென்கோடியை அடைந்து, மன்னாரில் நண்பகலிலும் அடிவானத்துக்கு மேல் ஏறக்குறைய 58 பாகைதான் உயர்கிறது. அதுவும் தெற்கு வானத்திலே. வாடையோ வடகிழக்கிலிருந்து வருகிறது. ஆகவே மார்கழியில் தெற்குப் பார்த்த விறாந்தை, காற்றுக்கு முதுகையும் வெயிலுக்கு முகத்தையும் காட்டி நிற்கிறது. கூரையின் தாழ்வாரம் 2 மீற்றர் உயரத்தில் இருக்குமானால், ஜனவரி முதல்நாள் நண்பகல் வெயில் அதன் கீழே ஒன்றேகால் மீற்றர் தூரம் உள்ளே வருகிறது. கோடை நெருங்க நெருங்கச் சூரியன் உச்சிக்கு ஏற, வெயில் பின்வாங்கி, விறாந்தை குளிர்ந்துவிடுகிறது. குளிர்ந்த மாதத்தில் வெயிலை வரவேற்று, காய்ந்த மாதத்தில் தடுத்துவைக்கும் இந்த நேர்த்தி, வடக்கு விறாந்தைக்குக் கிடைப்பதில்லை.

இதை அளப்பதற்கு ஒரு மீற்றர் நீளக் கம்பு ஒன்றை நிலத்தில் நேராக நட்டால் போதும். இங்கே சூரியன் உச்சமடையும் நேரம் கடிகாரத்தின் 12 மணி அன்று. நம் நேரம் மன்னாருக்குக் கிழக்கேயுள்ள ஒரு தீர்க்க ரேகைக்குரியதாகையால், ஜனவரி தொடக்கத்தில் 12 மணி கடந்து ஏறக்குறைய கால் மணி ஆகும். அவ்வேளையில் நிழல் வடக்கே 62 சென்ரிமீற்றர் நீண்டிருக்கும், தைப்பொங்கலன்று 58, பெப்ரவரி முடிவில் 31, பகலும் இரவும் சமமாகும் மார்ச் 21 இல் 16. பிறகு, நினைக்கும்போதெல்லாம் என் மனத்தைக் கவரும் ஒரு சங்கதி நிகழ்கிறது. ஏப்ரல் 13, 14 ஆம் தேதிகளில், அதாவது சரியாகச் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, சூரியன் மன்னாரின் உச்சந்தலைக்கு நேரே வந்து நிற்க, கம்பு நிழலே இல்லாமல் நிற்கிறது. புத்தாண்டின் தேதி இந்தத் தீவுக்காக வகுக்கப்பட்டதன்று. வடக்கே 9 பாகை அட்சரேகையில் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் இயல்பாகவே அமைந்த பாக்கியம் இது.

தை முதல்நாளை உத்தராயணத்தின் தொடக்கம் என்று நம் முன்னோர் கொண்டாடினர். கம்போ, நிழல் சுருங்கத் தொடங்கியது அதற்கு ஏறக்குறைய 24 நாட்களுக்கு முன்பே என்று சாட்சி சொல்கிறது. இருவரும் பொய் சொல்லவில்லை. நம் பஞ்சாங்கம் சூரியனை நட்சத்திரங்களின் பின்னணியில் வைத்துக் கணிக்கிறது. பூமியின் அச்சோ, சோர்ந்த பம்பரத்தின் தலையைப்போல, ஏறக்குறைய 26,000 ஆண்டுக்கு ஒருமுறை மெல்ல வட்டமிடுகிறது. அதனால் இரண்டு கணக்குகளும் 70 சொச்சம் ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகி வந்துள்ளன. சுமார் 1700 ஆண்டுகளுக்கு முன் அவை ஒன்றாகவே இருந்தன.

செடிகளுக்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு. அமெரிக்க விவசாயத் திணைக்களத்து விஞ்ஞானிகளான கார்னரும் அலார்டும், பகலின் நீளத்தைக் கொண்டே பல செடிகள் பூக்கும் காலத்தை நிர்ணயிக்கின்றன என்பதைப் புகையிலையையும் சோயாவையும் வைத்து நிரூபித்து 1920 இல் வெளியிட்டார்கள். கொத்தமல்லி, பகல் நீளும்போது பூக்க விரையும் இனத்தைச் சேர்ந்தது. மன்னாரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மணி நேரமே வித்தியாசம். ஆயினும் பங்குனி வெப்பமும் அதனோடு சேர்ந்துகொள்ள, செடி இலை விரிப்பதை விடுத்து, தண்டெறிந்து பூத்து விதைக்குப் போய்விடுகிறது. எனவே மல்லியிலை வேண்டுபவர் விதைக்க வேண்டியது மார்கழியிலும் தையிலும்தான். நாம் விதை என்று அழைக்கும் உருண்டை உண்மையில் இரண்டு விதைகளை அடக்கிய ஒரு கனி. அதை உள்ளங்கையால் மெல்ல அழுத்தி இரண்டாகப் பிளந்து, ஓர் இரவு நீரில் ஊறவைத்து நட்டால், ஒரு வாரம் பத்து நாளில் முளை காணும். தீவின் மணல் நீரையும் உரத்தையும் நிறுத்திவைக்காதாகையால், சரிபாதி மக்கிய எருவைக் கலப்பது அவசியம்.

ஜனவரி முதல்நாள் காலையில் பெய்த தூறல் விட்டு, நண்பகலில் வெயில் எறித்தது. ஆச்சியின் நான்கு சாடிகளையும் எங்கள் தெற்கு விறாந்தைக்குக் கொண்டு வந்து, கம்பின் நிழல் முடிந்த இடத்தையும், தாழ்வார வெயில் உள்ளே வந்து முடிந்த இடத்தையும் கரியால் கோடிட்டேன். இருளுக்குப் பழகிய இலை திடீர் வெயிலில் வெந்துவிடுமாகையால், முதல் வாரம் சாடிகளைக் கோட்டுக்குச் சிறிது உட்புறமாகவே வைத்தோம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரே நாளில் புதிய கொத்தமல்லியை இரண்டு பேணிகளில் விதைத்து, ஒன்றை விறாந்தையிலும் மற்றதைப் பழைய மேசை மூலையிலும் வைத்தேன். நீண்டுபோன பழைய தண்டுகள் மறுபடி குறுகமாட்டா. ஆனால் நுனிகள் இரண்டு நாட்களுக்குள் நிமிரத் தொடங்கின. பத்தாம் நாள் இரண்டு பேணிகளிலும் முளை கண்டது. பதினான்காம் நாள் மூலைப் பேணியின் முளைகள் விறாந்தைப் பேணியின் முளைகளைப் போல இருமடங்கு உயர்ந்து, யன்னலை நோக்கிக் குனிந்திருந்தன.

அன்று தைப்பொங்கல். பொங்கற் பானையை இறக்கிவிட்டு வந்த ஆச்சி, கற்பூரவள்ளியின் புதிய இலை ஒன்றைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்துவிட்டு, எதுவும் சொல்லாமல் என்னிடம் நீட்டினார். பிறகு நிலத்தைக் குனிந்து பார்த்தார். இரண்டு கிழமைக்குள் வெயிலின் விளிம்பு பழைய கரிக்கோட்டைவிட்டு நான்கு விரற்கடை வெளியே போயிருந்தது. "சூரியன் இவ்வளவு நகர்ந்திட்டுதோ தம்பி?" என்று கேட்டு, விடைக்குக் காத்திராமல், நான்கு சாடிகளையும் ஒவ்வொன்றாக நான்கு விரற்கடை முன்னுக்கு இழுத்து வைத்தார்.